இரண்டரை வயசு, கடிக்கிறான். டாக்டரிடம் காட்ட வேண்டியது அவனையா, என்னையா?

தூறல் | இரவு 12:47

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூத்தவனுக்கு இரண்டரை வயசு, சின்னவளுக்கு நாலு மாதம். மூத்தவன் டே கேருக்குப் போகிறான். மூன்று வாரத்தில் ஐந்து முறை மற்ற குழந்தைகளைக் கடித்துவிட்டான். அதில் ஒரு குழந்தைக்குக் கன்னத்தில் பல் பதிந்திருந்தது. அந்தக் குழந்தையின் அம்மா முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு, அவர் கூட்டிப் போன பிறகு போகலாம் என்று இப்போதெல்லாம் வேண்டுமென்றே தாமதமாகத்தான் போய் இவனை அழைத்து வருகிறேன். இன்றைக்கு அங்கே நடத்துகிறவர் தனியாகக் கூப்பிட்டு, "இவனுக்கு மனசு சம்பந்தமாக ஏதோ இருக்கிறது, யாரிடமாவது காட்டுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டிலும் அப்படித்தான். தங்கையை இதுவரை கடிக்கவில்லை, ஆனால் நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் போதும், கையில் கிடைத்ததை வீசுவான். நேற்று நான் கத்திய கத்தலில் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வீட்டுக்காரருக்கு இரவு ஷிப்ட், பகலில் தூக்கம்.

என் கேள்வி ஒன்றுதான். இரண்டரை வயசுக் குழந்தைக்கு மனநோய் வருமா? "பொறுமையாக இரு" என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். அது என்னிடம் தீர்ந்து நாளாகிவிட்டது.

நேர்கோடு | இரவு 1:05

இரண்டரை வயசில் கடிக்காமல் இருபத்தைந்து வயசிலா கடிப்பான்? என் பையனும் கடித்தான், அக்கா பையனும் கடித்தான், இருவரும் இப்போது யாரையும் கடிப்பதில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் வைத்து, ஒரு டாக்டரைக் காட்டி, ஒரு ஃபைல் திறப்பதுதான் இந்தக் காலத்து வியாதி. விடுங்கள், தானாகச் சரியாகும். டே கேர்க்காரர்களுக்கு ஆள் குறைவாக இருக்கும், அதைக் குழந்தை தலையில் கட்டுகிறார்கள்.

பாலர்வகுப்பு_அக்கா | காலை 5:50

தூறல், பதினோரு வருஷமாகச் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். நேர்கோடு சொன்னதில் பாதி சரி. ஒன்றிலிருந்து மூன்று வயசுக்குள் கடிப்பது சாதாரணம். சொல்ல வார்த்தை இல்லை, பல் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் "தானாகச் சரியாகும்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் மூன்று வாரத்தில் ஐந்து முறை என்றால் அவன் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான், நாம்தான் கேட்கவில்லை.

முதலில் அவர்களிடம் ஒன்று கேளுங்கள், சண்டையாக வேண்டாம், சாதாரணமாகவே கேளுங்கள். ஐந்து முறையும் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், அதற்கு முந்தைய ஐந்து நிமிடம் என்ன நடந்தது, அப்போது அறையில் எத்தனை பெரியவர்கள் இருந்தார்கள்? ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எங்கள் அறையில் ஒரு பையன் கடித்துக்கொண்டே இருந்தான். நாங்களும் "அவன் சுபாவம்" என்றுதான் பேசிக்கொண்டோம். எழுதிப் பார்த்தபோது எல்லாமே நான் இடைவேளைக்குப் போகும் அந்த இருபது நிமிடத்துக்குள் நடந்திருந்தது. பன்னிரண்டு குழந்தைகளோடு ஒருத்தி மட்டும் நிற்கும் நேரம் அது. அவன் என்னிடம் ஒட்டிக்கொண்டிருந்தவன், நான் கதவைத் தாண்டியதும் அவனுக்கு உலகம் அசைந்துவிடும். இடைவேளை நேரத்தை மாற்றினோம், நான் போகுமுன் அவன் கையில் என் சாவிக்கொத்தைக் கொடுத்து "அக்கா வந்து வாங்கிக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். இரண்டு வாரத்தில் கடிப்பது நின்றுவிட்டது.

இது என் ஒருத்தியின் அனுபவம் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கில்லியம் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பெரிய பள்ளிக்கூடங்களை விட, மூன்று நாலு வயசுக் குழந்தைகளின் வகுப்புகளிலிருந்துதான் மூன்று மடங்குக்கும் மேலான விகிதத்தில் பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள் என்று அதில் தெரிந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முக்கியம். வகுப்பு ஆசிரியைக்குத் தோள் கொடுக்க மனநல ஆலோசகர் ஒருவர் இருந்த இடங்களில் இப்படி வெளியே அனுப்புவது குறைவாக இருந்தது. அந்த ஆலோசகர் பெரும்பாலும் குழந்தையை உட்கார வைத்துச் சிகிச்சை செய்வதில்லை. ஆசிரியையோடு உட்கார்ந்து, அறையைக் கவனித்து, "இந்தப் பையனைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது" என்று கேட்பார். எனக்கு அப்படி ஒருவர் ஒரு வருஷம் கிடைத்தார். அவர் முதல் நாள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அழுதேன், இன்றும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வருஷம் எனக்கு வேலையை விட்டுவிடும் எண்ணம் இருந்தது.

மழலைப்பணி | காலை 9:12

பிறந்ததிலிருந்து ஐந்து வயசு வரையான குழந்தைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்கிறவள் நான். இங்கே எழுதுவது சிகிச்சை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இந்த வயசுக்கும் மனநலம் உண்டு, சில குழந்தைகளுக்கு உண்மையாகவே சிகிச்சை தேவைப்படும் சிக்கல்களும் வரும். இதற்கென்றே பிறந்த குழந்தை முதல் ஐந்து வயசு வரைக்குமான தனி வகைப்பாட்டுக் கையேடு ஒன்று 2016-லிருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கான அளவுகோலை இரண்டு வயசுக்காரன் மேல் வைத்துப் பார்க்க முடியாது என்பதால்தான் அதைத் தனியாக எழுதினார்கள். அதிலும் குழந்தையை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வதில்லை, அவன் யாரோடு எப்படி இருக்கிறான் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. குழந்தை மருத்துவராக இருந்து மனப்பகுப்பாய்வுக்கு வந்த வினிகாட், "குழந்தை என்று தனியாக ஒன்று கிடையாது" என்ற பொருளில் ஒன்று சொன்னார். எப்போதும் குழந்தையும் அதைத் தூக்கி வைத்திருக்கும் ஒருவரும்தான் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கடிப்பது மட்டும் எனக்குப் பெரிய பயம் தரவில்லை. பேச்சு வந்துகொண்டிருக்கிறதா, வந்த சொற்கள் மறைந்தனவா, கூப்பிட்டால் திரும்புகிறானா, விளையாட்டில் மற்றவர்களைத் தேடுகிறானா, தூக்கமும் சாப்பாடும் எப்படி என்று குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காதையும் பார்க்கச் சொல்லுங்கள், காதுவலியால் எரிந்து விழும் குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். நாலு மாதக் குழந்தை, இரவில் வீட்டில் வேறு பெரியவர் இல்லை, குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரம் தெரியவில்லை என்கிறீர்கள். குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் எடின்பர்க் கேள்வித்தாளை நிரப்பும்படி உங்களிடம் யாராவது சொன்னார்களா? பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும், 1987-லிருந்து உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. அதை வைத்து நோய் என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் யாரிடமாவது பேச வேண்டிய நிலையா என்று காட்டிக்கொடுக்கும். அதில் பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்ல வேண்டும்.

தூறல் | மதியம் 2:20

குழந்தை தூங்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் அவள் மூச்சு விடுகிறாளா என்று எழுந்து பார்க்கிறேன், ஒரு இரவில் எத்தனை தடவை என்று எண்ணவே வெட்கம்.

மனச்சோர்வு என்றால் படுத்துக்கொண்டு அழுதுகொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் அழவில்லை. எல்லா வேலையும் செய்கிறேன், துணி மடிக்கிறேன், தடுப்பூசித் தேதி மறக்கவில்லை. கோபம் மட்டும்தான் வருகிறது. கதவு சத்தமாகச் சாத்தினால்கூடக் கழுத்தில் ஏறுகிறது. தையல் போட்ட இடம், எடை, பால் போதுமா என்று எல்லாம் கேட்டார்கள், இந்தப் பத்துக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பத்தாவதுக்கு என் பதில் "ஒருபோதும் இல்லை". ஆனால் எங்கேயாவது போய்விடலாம், நான் இல்லாவிட்டால் இவர்கள் நன்றாக இருப்பார்கள் என்று மட்டும் தோன்றுகிறது. அது வேறுதானே?

மழலைப்பணி | மதியம் 2:31

அது அவ்வளவு வேறு இல்லை, தூறல். நான் இல்லாவிட்டால் நன்றாக இருப்பார்கள் என்பதையும் நாங்கள் அதே கவனத்தோடுதான் கேட்போம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இன்றைக்கே வீட்டுக்காரரை எழுப்பி, இங்கே எழுதிய அந்தக் கடைசி வாக்கியத்தை அப்படியே படித்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல வராவிட்டால் போனை நீட்டுங்கள். நாளைக்குள் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். நடுவில் அந்த எண்ணம் "எப்படிப் போவது" என்று திரும்பினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ.

அப்புறம், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு கோபமாகவும் தீராத பதற்றமாகவும் வருவது மிகச் சாதாரணம். முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலான அம்மாக்களுக்கு வந்து போகும் அழுகையும் மன இறக்கமும் வேறு. இரண்டு வாரம் தாண்டியும் போகாமல் நிற்பதுதான் இது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிரசவித்தவர்களில் 13 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு. வளரும் நாடுகளில் கிட்டத்தட்ட 20 சதவீதம்.

இரவுக்காவல் | மாலை 6:40

தூறலின் வீட்டுக்காரரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன். நானும் இரவு ஷிப்ட், எனக்கும் இரண்டு. முதல் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது சாயங்காலம் ஆரம்பித்தால் மூன்று மணி நேரம் அழும். ஒரு நாள் மனைவி தூங்கிக்கொண்டிருக்க, நான் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். ஒரு கணம் அதை உலுக்கிவிடுவேனோ என்று என் கையே எனக்குச் சொல்லியது. தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே போனேன். அப்போது நான் பெரிய குற்றம் செய்துவிட்டதாக நினைத்தேன். பல மாதம் கழித்து ஒரு நர்ஸ் சொன்னார், செய்ய வேண்டியதே அதுதான், பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு விலகுவதுதான் சரி, உலுக்கினால் சில வினாடியில் மூளையில் ரத்தம் கசியும் என்று. அழுகை ஆறிலிருந்து எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் குறையும் என்பதையும் அவர்தான் சொன்னார். முன்னாலேயே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு தேதியாவது இருந்திருக்கும், நாட்காட்டியில் கோடு போட்டுக் காத்திருப்பேன்.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஓவர்டைம் கேட்டு வாங்கினேன், வீட்டுக்கு வராமல் இருக்கத்தான். வெளியே பார்த்தால் பொறுப்பான அப்பா. அப்பாக்களுக்கும் பத்தில் ஒருவருக்கு இந்தச் சோர்வு வருகிறது, குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்போது அதிகம் என்று 2010-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இருந்தால் அப்பாவுக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். சின்னவளுக்கு நாலு மாதம் என்கிறீர்கள். பகலெல்லாம் தூங்குகிற உங்கள் வீட்டுக்காரர் நிஜமாகவே தூங்குகிறாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

நேர்கோடு | இரவு 8:15

சரி, தூறல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை, முதலில் நான் எழுதியது அவசரம்தான். ஆனால் இந்தத் துறையின் மேலேயே எனக்கு ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இரண்டு நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, குழந்தை சிரித்துப் பார்த்து, கையை நீட்டிப் பார்த்து, கடைசியில் உடைந்து அழும் அந்த வீடியோவை என் மனைவிக்கு யாரோ அனுப்பினார்கள். அவள் அப்போது வேலைக்குப் போய் வந்து களைத்துக் கிடந்த நேரம். அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தூங்கவில்லை. நான் போனைப் பார்த்த நேரமெல்லாம் குழந்தைக்கு இதுதானே நடந்திருக்கும் என்று. முன்பு குழந்தை கெட்டால் அம்மா வளர்ப்பு என்றார்கள், இப்போது அதையே நரம்பு, ஹார்மோன் என்று படம் போட்டுச் சொல்கிறார்கள். வித்தியாசம் என்ன?

மழலைப்பணி | இரவு 9:55

உங்கள் கோபம் நியாயமானது, இதை நான் மழுப்பப் போவதில்லை. இந்தத் துறைக்கு அம்மாக்களைக் குற்றவாளியாக்கிய வரலாறு உண்டு. ஆட்டிசத்துக்குக் காரணம் பாசமில்லாத அம்மா என்று, "குளிர்பதனப் பெட்டித் தாய்" என்று ஒரு பெயரே வைத்து 1950களிலும் 60களிலும் பேசினார்கள். 1964-ல் அதை உடைத்து எழுதிய பெர்னார்ட் ரிம்லாண்ட் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா. அதற்குள் எத்தனை அம்மாக்கள் அந்தப் பழியைச் சுமந்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் சொன்ன அந்த வீடியோவில் ஒரு பகுதியை எல்லோரும் தவறவிடுகிறார்கள். அந்தச் சோதனையை 1970களில் தொடங்கியவர் எட்வர்ட் ட்ரோனிக். அதில் மூன்றாவது பகுதி ஒன்று உண்டு, அம்மா மறுபடியும் குழந்தையைப் பார்த்துச் சிரித்து "என்னடா கண்ணா" என்று கை கொடுப்பது. குழந்தை முதலில் கொஞ்சம் முறைக்கும், அப்புறம் வந்துவிடும். அதே ட்ரோனிக்தான், நலமாக இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட ஒருவருக்கொருவர் ஒத்திசைந்து இருப்பது கிட்டத்தட்ட 30 சதவீத நேரம்தான் என்றும் கண்டார். மீதி நேரம் தப்பாகப் புரிந்துகொள்வதும் சரி செய்துகொள்வதும்தான். குழந்தை சிரித்தால் நாம் கொட்டாவி விடுகிறோம், குழந்தைக்குத் திரும்பிக்கொள்ளத் தோன்றும்போது நாம் கிச்சுகிச்சு மூட்டுகிறோம். விட்டுப்போனது திரும்ப வரும் என்பதை அவன் பழகிக்கொள்வது அங்கேதான்.

உங்கள் மனைவி போனைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார் இல்லையா? அந்த நிமிர்ந்தது கணக்கில் வரும். மாதக்கணக்கில் யாரும் நிமிராமலே போகும் வீட்டைப் பற்றித்தான் எங்கள் கவலை. அங்கேயும் அம்மாவைத் திட்டி ஒரு பயனும் இல்லை, அவளை நிமிர விடாமல் அழுத்துவது என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

தூறல், இதை உங்களுக்காகவும் எழுதுகிறேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான் என்றீர்களே, அதற்குப் பிறகு அவனிடம் போனீர்களா?

தூறல் | இரவு 11:30

போகவில்லை. வெளியே வந்தபோது அவன் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான், மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். மறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது என்பதுதான் சரி.

வீட்டுக்காரரிடம் போனை நீட்டினேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "எனக்கும் பகலில் தூக்கம் வருவதில்லை" என்றார். நாளை மறுநாள் டாக்டரிடம் போகிறோம்.

மூன்று_பேத்திகள் | காலை 6:05

பாட்டி ஒருத்தி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. என் பெண்ணுக்கு இரண்டாவது பிறந்தபோது உதவிக்குப் போய் இருந்தேன். உதவி என்று நான் செய்தது என்ன தெரியுமா, குழந்தையை நான் வாங்கிக்கொள்வேன், அவள் எழுந்து பாத்திரம் தேய்ப்பாள். அவள் பால் கொடுத்தால் இப்படி வைத்துக்கொள் அப்படி வைத்துக்கொள் என்று பக்கத்தில் நின்று சொல்வேன். பெரியவள் அழுதால் "நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்பேன். ஒரு நாள் அவள் "அம்மா, நீங்க ஊருக்குப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதம் பேசவில்லை.

பேசாமல் இருந்த அந்த மூன்று மாதத்தில்தான் எனக்கு என் இரண்டாவது பிரசவம் ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் எனக்குச் சிரிப்பே வரவில்லை. அதற்குப் பெயர் எதுவும் யாரும் சொல்லவில்லை, "இவளுக்குத் திமிர்" என்றார்கள். அந்தப் பேச்சை நான் வாங்கி வைத்திருந்து என் பெண்ணிடம் இறக்கி வைத்திருக்கிறேன். திரும்பப் போனபோது பாத்திரத்தை நான் தேய்த்தேன், பெரியவளை வெளியே கூட்டிப் போனேன், குழந்தையை அவள் கையிலேயே விட்டேன். புத்திமதி சொல்ல வாய் வரும்போதெல்லாம் துணி காயப்போடப் போய்விடுவேன். கொடி நிறையத் துணிதான் போங்கள்.

தூறலம்மா, உனக்கு யாராவது வந்து இருக்க முடியுமென்றால் குழந்தையைக் கொடுக்காதே, வேலையைக் கொடு.

ஓரமாய்_நிற்பவள் | காலை 10:20

நான் இங்கே வாசிக்க மட்டும் செய்கிறவள், இன்றைக்கு எழுதுகிறேன், டாக்டரிடம் போகும் முன் தூறலுக்கு மாத்திரை பற்றிப் பயம் இருக்கும் என்பதால். எனக்கு இருந்தது. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எட்டு மாதம் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டேன். அந்த மருந்து பாலில் மிகக் குறைவாகவே சேரும், அதனால் பால் கொடுக்கிறவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் நினைப்பது அதைத்தான். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சுச் சிகிச்சை மட்டும் போதுமானவர்களும் நிறைய. எனக்கு இரண்டும் தேவைப்பட்டது. முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, விட்டுவிடலாம் என்று இருந்தேன், நாலாவது வாரம் ஒரு காலையில் குழந்தை அழுதபோது எனக்கு எரிச்சல் வரவில்லை, அதைக் கவனிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைப்பதென்றாலும் டாக்டர் சொல்லித்தான்.

இன்னொன்றும். வாசிக்கிற யாராவது வீட்டில், பிரசவமான முதல் வாரங்களில், தூக்கமே தேவையில்லாமல் பரபரப்பாக, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, இல்லாத குரல் கேட்பதாகவோ குழந்தையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகளோ சொன்னால், அது மனச்சோர்வு அல்ல, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும் வேறு நிலை. அது அவசர சிகிச்சை, அன்றைக்கே ஆஸ்பத்திரி. என் தோழி ஒருத்திக்கு வந்தது, "தூக்கம் கெட்டதால்தான்" என்று வீட்டில் நான்கு நாள் காத்திருந்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், ஆனால் அந்த நான்கு நாளைப் பற்றி அவள் பேசுவதில்லை.

நேர்கோடு | காலை 11:02

மனநல ஆலோசகர், பேச்சுச் சிகிச்சை என்று எழுதுகிறீர்கள். பக்கத்தில் அப்படி ஒருவரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? இதைச் சண்டைக்குக் கேட்கவில்லை.

மழலைப்பணி | மதியம் 1:40

நல்ல கேள்வி, என் தொழிலுக்கே கொஞ்சம் அடி கொடுக்கும் பதில்தான் இதற்கு. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மானும் அவர் குழுவும், வீடு வீடாகப் போகும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே எளிய பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளோடு பேச வைத்தார்கள். அந்தப் பணியாளர்கள் மனநல நிபுணர்கள் இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, பயிற்சி பெற்றவர்கள் போன இடத்தில் 23 சதவீத அம்மாக்களுக்குத்தான் சோர்வு நீடித்தது, சாதாரணமாகப் போய்வந்த இடத்தில் 53 சதவீதம். 2008-ல் வெளியான முடிவு இது. பிறகு உலகச் சுகாதார நிறுவனம் அதை ஒரு கையேடாகவே வெளியிட்டது. அவர்கள் செய்தது மந்திரம் இல்லை. "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் வரும்போது அதைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பது, அடுத்த வாரத்துக்குச் செய்ய முடிகிற ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து முடிவு செய்வது, வீட்டில் மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசுவது.

ஜமைக்காவில் 1980களில் வேறொன்று நடந்தது. வயசுக்கேற்ற உயரம் வளராத 129 குழந்தைகள். சிலருடைய வீட்டுக்கு இரண்டு வருஷம், வாரம் ஒரு மணி நேரம், ஒரு சமூகச் சுகாதாரப் பணியாளர் போய் அம்மாவையும் குழந்தையையும் சேர்ந்து விளையாட வைத்தார், பழைய டப்பா, மூடி எல்லாம்தான் பொம்மை. இருபது வருஷம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது, அந்த வீடுகளின் பிள்ளைகள் மற்றவர்களை விட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இதில் பிடித்தது சம்பாத்தியம் இல்லை. வந்த பணியாளர் குழந்தையோடு தானே விளையாடிவிட்டுப் போகவில்லை, அம்மாவை விளையாட வைத்துவிட்டு, "நீங்கள் செய்தது நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாக்களிடம் வேறு யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

பாலர்வகுப்பு_அக்கா | மாலை 7:25

தூறல், டாக்டர் விஷயம் போகட்டும், கடிக்கிற நேரத்தில் என்ன செய்வது என்று யாருமே சொல்லவில்லை. முதலில் கடிபட்ட குழந்தையிடம் போக வேண்டும். கடித்தவன் பக்கம் எல்லோரும் ஓடினால், கடித்தால் எல்லோரும் வருவார்கள் என்று அவன் படித்துக்கொள்வான். அப்புறம் அவன் உயரத்துக்குக் குனிந்து, "கடித்தால் வலிக்கும். கடிக்க விடமாட்டேன். உனக்குக் கோபம்" என்று மூன்று சின்ன வாக்கியம், அவ்வளவு போதும், அந்த நேரத்தில் நாலாவது வாக்கியம் அவன் காதில் ஏறாது. "அம்மா கடித்தால் உனக்கு எப்படி இருக்கும்" என்று திருப்பிக் கடித்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம், பெரியவர்களும் கடிப்பார்கள் என்பதுதான் அதிலிருந்து அவனுக்குக் கிடைக்கும் பாடம். அமைதியான பிறகு வார்த்தை கொடுங்கள், "எனக்கு", "வேண்டாம்", "தள்ளு", "நான் முதல்ல". வார்த்தை கூடக் கூடப் பல் குறையும்.

நீங்கள் பால் கொடுக்கும்போது வீசுகிறான் என்றீர்கள். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் என்று ஒரு பெட்டி வையுங்கள், வேறு நேரத்தில் அது வெளியே வரக் கூடாது. அவனும் உங்கள் காலில் சாய்ந்து உட்காரட்டும். எல்லா நாளும் வேலை செய்யாது, நான் உத்தரவாதம் தரவில்லை.

தூறல் | 17 நாள் கழித்து, இரவு 10:10

எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால் எழுதுகிறேன். டாக்டர் அந்தப் பத்துக் கேள்வியைக் கொடுத்தார், 30-க்கு எனக்கு 18. வீட்டுக்காரரையும் நிரப்பச் சொன்னார், அவர் எண்ணை என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார், ஆனால் அவரும் அடுத்த வாரம் போகிறார். எனக்கு மாத்திரை ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள், ஓரமாய்_நிற்பவள் சொன்ன மாதிரி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவரிடம் பேசப் போகிறேன். முதல் தடவை முழுக்க மூத்தவனைப் பற்றியே பேசினேன், அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு "இப்போது நீங்கள்" என்றார், எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

டே கேரில் எழுதிக் கொடுத்தார்கள், முதலில் முகம் சுளித்துவிட்டுத்தான். மூத்தவனுக்குக் காது எல்லாம் சரியாக இருக்கிறது. தாளைப் பார்த்தபோதுதான் எனக்குக் குப்பென்று ஆனது. முதல் இரண்டு கடி மதியம், டீச்சர் சாப்பிடப் போன நேரம், அக்கா சொன்ன மாதிரியே. மற்ற மூன்றும் சாயங்காலம், ஒவ்வொரு குழந்தையாக வீட்டுக்குக் கிளம்பும் நேரம். மற்றவர்களின் அம்மாக்கள் வந்துகொண்டே இருக்க, இவன் கடைசி ஆளாக நின்றிருக்கிறான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசி நான் தாமதமாகப் போன நாட்கள்.

இப்போது நேரத்துக்குப் போகிறேன். அந்த அம்மாவைப் பார்த்தேன், மன்னிப்புக் கேட்டேன், அவர் "என் பெரியவனும் கடிச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இத்தனை நாள் நான் ஒளிந்துகொண்டிருந்தது இதற்குத்தான். இந்தப் பதினேழு நாளில் இரண்டு முறை கடித்திருக்கிறான். வேறு இடம் பார்க்கச் சொன்னவர் "பார்க்கலாம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறார். வீட்டில் வீசுவது அப்படியேதான் இருக்கிறது, பால் நேரப் பெட்டியையே தூக்கி வீசினான் முதல் நாள்.

நேற்றும் கத்திவிட்டேன். ஆனால் இந்தத் தடவை பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அம்மா சத்தமாகக் கத்தினேன். நீ பயந்துட்ட. உன் தப்பு இல்லை" என்றேன். அவன் காரை உருட்டுவதை நிறுத்தவே இல்லை. சரி, கேட்கவில்லை போலிருக்கிறது என்று எழுந்திருக்கப் போனேன். காரை என் காலில் ஏற்றி முழங்கால் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து, "அம்மா கத்தினா, தண்ணி சத்தம்" என்றான்.

குழாயை அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், ஒவ்வொரு தடவையும். அதைப் பற்றி இன்னும் எழுத இருக்கிறது, சின்னவள் எழுந்துவிட்டாள், வருகிறேன்.